14-வது நாள்னு சொன்ன ஆப், 21-வது நாள் எடுத்த டெஸ்ட்: ஒரு ஜோடியோட ரெண்டு வருஷம்

இந்த கேஸை எழுதலாமா வேணாமானு ரொம்ப நாள் யோசிச்சேன், சம்பந்தப்பட்டவங்களே "எழுதுங்க மேடம், எங்கள மாதிரி இன்னும் எத்தனை பேர் இருப்பாங்களோ"னு சொன்னதால தான் எழுதுறேன். அடையாளம் தெரியுற மாதிரி இருந்த எல்லாத்தையும் எடுத்துட்டேன். நான் டயட்டீஷியன், குழந்தைக்காக சிகிச்சைக்கு வர்றவங்கள டாக்டரோட சேர்ந்து பாக்குறது என் வேலை.

அவங்களுக்கு 33 வயசு, கணவருக்கு 36. 22 மாசமா ட்ரை பண்றாங்க. எந்த தடுப்பும் இல்லாம 12 மாசம் சேர்ந்து இருந்தும் கரு தங்கலனா ரெண்டு பேரும் டெஸ்ட் பண்ணிக்கணும், பொண்ணுக்கு 35 வயசு ஆயிருந்தா 6 மாசத்துலயே போயிடணும், இது எல்லா டாக்டரும் சொல்றது தான். உலக சுகாதார நிறுவனம் 2023-ல வெளியிட்ட கணக்குப்படி ஆறு பேர்ல ஒருத்தர் வாழ்க்கையில ஏதோ ஒரு கட்டத்துல இந்த பிரச்சனைய பாக்குறாங்க, அவ்ளோ சாதாரணமா நடக்குற ஒண்ணு. ஆனா இவங்க யார்கிட்டயும் பேசாம 22 மாசத்தையும் கிட்டத்தட்ட தனியாவே ஓட்டியிருக்காங்க, துணைக்கு பீரியட்ஸ் நாளை கணக்கு வெக்கிற ஒரு ஆப், ஒரு லேப் ரிப்போர்ட், ஒரு நோட்டு.

அந்த நோட்டை பத்தி சொல்லணும். 200 பக்க நோட்டு, முக்கால்வாசி நிரம்பியிருந்துச்சு. இடது பக்கம் அன்னிக்கு சாப்பிட்டது, வலது பக்கம் எடை. இனிமே தொடக்கூடாதுனு முடிவு பண்ணின சாப்பாட்டை எல்லாம் சிவப்பு பேனால அடிச்சிருந்தாங்க. முதல்ல சர்க்கரை, அப்புறம் பால், அப்புறம் எல்லா தானியமும், அப்புறம் பழம் ("அதுலயும் சர்க்கரை இருக்குல்ல மேடம்"), கடைசில பருப்பு கூட. ஒவ்வொரு ரெண்டு மாசத்துக்கும் ஒரு பொருள் போயிருந்துச்சு. பக்கத்தோட ஓரத்துல அங்கங்க சின்னதா பென்சில்ல ஒரு வட்டம், பீரியட்ஸ் வந்த நாள். அவ்ளோ தான், அதை பத்தி வேற ஒரு வரி கூட இல்ல.

முதல் விசிட்ல நானும் தப்பு பண்ணினேன். டயட்டீஷியன்கிட்ட வந்திருக்காங்க, நோட்டு முழுக்க சாப்பாடு இருக்கு, அதனால முக்கால் மணி நேரம் சாப்பாட்டை பத்தியே பேசிட்டு அனுப்பிட்டேன். ரெண்டாவது விசிட்ல தான் அந்த வட்டங்களுக்கு நடுவுல எத்தனை நாள்னு உக்காந்து எண்ணினேன். ஆரம்பத்துல 35, 34, 36, 35. ஒரு வருஷம் தாண்டினதுக்கு அப்புறம் 39, 44, 47, கடைசியா 52. கேஸ் மொத்தமும் அந்த எட்டு நம்பர்ல இருந்துச்சு.

எங்க ஆரம்பிச்சுதுனா

ட்ரை பண்ண ஆரம்பிச்ச ஆறாவது மாசம் இவங்களே ஒரு லேப்ல போயி புரோஜெஸ்டிரோன்ங்கற ஹார்மோனுக்கு ரத்த டெஸ்ட் எடுத்திருக்காங்க, 21-வது நாள் எடுக்கணும்னு எங்கயோ படிச்சு கரெக்டா 21-வது நாள் போயிருக்காங்க. ரிசல்ட் 0.8, ரொம்ப கம்மி. அதை பாத்த ஒருத்தர் "முட்டை வெடிக்கலமா"னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு, சைக்கிள், அதாவது ஒரு பீரியட்ஸ்ல இருந்து அடுத்த பீரியட்ஸ் வரைக்கும், எத்தனை நாள்னு கேக்கவே இல்ல.

இங்க கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா இது தெரிஞ்சிருந்தா இந்த கேஸே இருந்திருக்காது. ஒரு சைக்கிள்ல ரெண்டு பாதி இருக்கு. பீரியட்ஸ் ஆரம்பிச்சதுல இருந்து முட்டை வெளிய வர்ற வரைக்கும் முதல் பாதி, அது ஆளுக்கு ஆள், மாசத்துக்கு மாசம் கூட மாறும். முட்டை வந்ததுல இருந்து அடுத்த பீரியட்ஸ் வரைக்கும் ரெண்டாவது பாதி, அது பெருசா மாறாது, பெரும்பாலும் 12ல இருந்து 14 நாள். அப்போ 35 நாள் சைக்கிள் இருக்குற ஒருத்தருக்கு முட்டை வர்றது 14-வது நாள் கிடையாது, 21 இல்லனா 22, சில மாசம் 23. புரோஜெஸ்டிரோன் ஏறுறதே முட்டை வெளிய வந்ததுக்கு அப்புறம் தான், நல்லா ஏறி நிக்க ஒரு வாரம் ஆகும். 21-வது நாள் டெஸ்ட்ங்கறது 28 நாள் சைக்கிள் உள்ளவங்களுக்கு போட்ட கணக்கு, இவங்களுக்கு அது 28-வது நாள் எடுத்திருக்கணும். முட்டை அன்னிக்கு தான் வெளிய வரப்போகுது, காலைல ரத்தம் எடுத்துட்டாங்க, 0.8 வராம என்ன வரும்?

28 நாள் சைக்கிள் தான் நார்மல்னு ஒரு நினைப்பு எல்லார் மனசுலயும் இருக்கு. 2019-ல 6 லட்சத்துக்கும் மேல சைக்கிள்களை எடுத்து பாத்த ஒரு ஆய்வுல சரியா 28 நாள் இருந்தது 13 சதவீதம் தான், மீதி எல்லாம் முன்ன பின்ன தான். அவங்க போன்ல இருந்த ஆப்ல செட்டிங்கை திறந்து பாத்தா சைக்கிள் 28னே கிடக்கு, இவங்க மாத்தவே இல்ல, மாத்தணும்னு தெரியாது. அதனால மாசா மாசம் 14-வது நாளை கலர் போட்டு காமிச்சிட்டே இருந்திருக்கு.

இவங்க அதை அப்படியே நம்பி 12, 13, 14, 15 இந்த நாலு நாள் மட்டும் சேர்ந்திருக்காங்க, மத்த நாள்ல விந்தணு வீணாகக்கூடாதுனு ஒதுங்கியே இருந்திருக்காங்க. விந்தணு உள்ள போனா அதிகபட்சம் 5 நாள் உயிரோட இருக்கும், முட்டைக்கு ஆயுள் 12ல இருந்து 24 மணி நேரம். 1995-ல 221 பெண்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க, அதுல கரு தங்கினது எல்லாமே முட்டை வர்ற நாளையும் அதுக்கு முந்தின 5 நாளையும் சேர்த்து மொத்தம் 6 நாளுக்குள்ள சேர்ந்ததால தான், முட்டை வந்த மறுநாள்ல இருந்து வாய்ப்பு இல்லவே இல்ல. இப்போ கூட்டி பாருங்க, 21 இல்லனா 22-ல முட்டைனா அந்த ஆறு நாள் 16 இல்லனா 17-ல தான் தொடங்குது. இவங்க 15-ஓட நிறுத்திட்டாங்க. ஒரு வருஷமா, ஒவ்வொரு மாசமும், கதவு திறக்குறதுக்கு முந்தின நாள் வந்து தட்டிட்டு திரும்பி போயிருக்காங்க.

நான் இதை பேப்பர்ல கோடு போட்டு காமிச்சப்போ அவங்க அழல, கோவப்படல, "அப்போ என் உடம்புல குறை இல்லையா"னு ரெண்டு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவையும் இல்லனு சொன்னேன், அந்த மாசங்களை பொறுத்தவரை அது உண்மை.

சாப்பாடு உள்ள வந்த கதை

"முட்டை வெடிக்கல"னு கேட்டதும் தேட ஆரம்பிச்சிருக்காங்க, தேடினா வர்றது பிசிஓஎஸ், சினைப்பை சம்பந்தப்பட்ட ஒரு ஹார்மோன் கோளாறு. இவங்களா இது பிசிஓஎஸ் தான்னு முடிவு பண்ணிட்டாங்க. பிசிஓஎஸ்னு சொல்லணும்னா மூணு விஷயத்துல ரெண்டாவது இருக்கணும்: முட்டை ஒழுங்கா வராம இருக்குறது, ஆண் ஹார்மோன் கூடியிருக்குறது இல்லனா அதோட அறிகுறி, ஸ்கேன்ல சினைப்பை அந்த மாதிரி தெரியுறது. இவங்களுக்கு மூணும் இல்ல. 34, 35 நாள்ல மாசா மாசம் ஒரே மாதிரி வந்துட்டு இருந்த சைக்கிள் அது.

அதிக எடையோட பிசிஓஎஸ் இருக்குறவங்க 5ல இருந்து 10 சதவீதம் எடை குறைச்சா பலருக்கு முட்டை திரும்ப வர ஆரம்பிக்கும், அது நல்ல அறிவுரை தான், ஆனா அது அவங்களுக்கான அறிவுரை. 2023-ல வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதலே இந்த டயட் தான் ஒசத்தினு எதையும் சொல்ல முடியாதுனு தான் சொல்லுது. இவங்க உயரம் 158 சென்டிமீட்டர், எடை 53 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையானு பாக்குற கணக்கு) 21 சொச்சம், குறைக்க ஒரு கிலோ கூட தேவையில்லாத உடம்பு. அதை 45-க்கு கொண்டு வந்துட்டாங்க. பிஎம்ஐ 18. காலைல வெறும் வயித்துல ஒரு மணி நேரம் ஓட்டம், நாளைக்கு ரெண்டு வேளை, நான் நோட்டை வெச்சு கணக்கு போட்டப்போ 1,100 கலோரி பக்கம் தான் வந்துச்சு.

உடம்பு என்ன பண்ணும்? மூளைல ஹைப்போதலாமஸ்னு ஒரு இடம், அங்க இருந்து தான் சினைப்பைக்கு சிக்னல் கிளம்புது, குறிப்பிட்ட இடைவெளில விட்டு விட்டு. உள்ள வர்ற சாப்பாடு செலவுக்கு பத்தலனு தெரிஞ்சா அந்த சிக்னல் மந்தமாயிடும், ஒரு உயிரை சுமக்குற நேரம் இது இல்லனு உடம்பு தள்ளி போடுது. முட்டை வளர லேட் ஆகும், அப்புறம் ஒரு கட்டத்துல வராமலே போயிடும், பீரியட்ஸே நின்னுடும். 39, 44, 47, 52ங்கற நம்பருக்கு அர்த்தம் அது தான்.

எனக்கு இன்னும் மனசு ஆறாத இடம் எதுன்னா, சைக்கிள் தள்ளி போக போக அவங்க "பிசிஓஎஸ் முத்திருச்சு"னு நினைச்சு இன்னொரு பொருளை அடிச்சிருக்காங்க. 44 வந்த மாசம் பழம் போச்சு, 47 வந்த மாசம் பருப்பு போச்சு. இல்லாத பிரச்சனைக்கு பண்ணின வைத்தியம் நிஜ பிரச்சனைய கொண்டு வந்துச்சு, அந்த நிஜ பிரச்சனைக்கும் அதே வைத்தியத்தை இன்னும் கூட்டியிருக்காங்க. "கடைசியா எப்போ வயிறு நெறைய சாப்பிட்டீங்க?"னு கேட்டேன். பதில் சொல்லாம நோட்டை பின்னாடி பின்னாடி திருப்பிட்டே போனாங்க.

இவ்ளோ கட்டுப்பாட்டுக்கு நடுவுல எல்லாரும் சாப்பிட வேண்டிய ஒரே மாத்திரைய யாரும் சொல்லல. ஃபோலிக் ஆசிட், தினமும் 400 மைக்ரோகிராம், ட்ரை பண்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும், ஏன்னா குழந்தையோட முதுகுத்தண்டு, மூளை ஆகுற அந்த குழாய் கரு உருவாகி 28 நாளுக்குள்ள மூடிடுது, நிறைய பேருக்கு கர்ப்பம்னு தெரியுறதுக்கு முன்னாடியே. முந்தின கர்ப்பத்துல குழந்தைக்கு அந்த குழாய் சரியா மூடாத குறை வந்தவங்களுக்கு அதிக டோஸ் குடுத்து பாத்த 1991 ஆய்வுல மறுபடி வர்றது 72 சதவீதம் குறைஞ்சுது. (அப்படி முன்னாடி வந்தவங்களுக்கும் வேற சில காரணம் உள்ளவங்களுக்கும் டோஸ் வேற, டாக்டர் தான் சொல்லணும்.) அதுக்கு பதிலா இவங்க கைல இருந்தது முடி கொட்டுதுனு வாங்கின பயோட்டின்ங்கற வைட்டமின் மாத்திரை, அதிக டோஸ், அப்புறம் ஆன்லைன்ல வாங்கின லேபிள் இல்லாத ஒரு மூலிகை பொடி. முடி கொட்டினதே சாப்பாடு பத்தாததால தான்னு நான் நினைக்கிறேன். அதிக பயோட்டின் தைராய்டு மாதிரி சில ஹார்மோன் ரத்த டெஸ்டோட ரிசல்ட்டையே தப்பா காமிக்க வெக்கும், அதனால அதை நிறுத்திட்டு கொஞ்ச நாள் விட்டு தான் டாக்டர் டெஸ்ட் எடுத்தாங்க. பொடிய அன்னிக்கே நிறுத்த சொல்லிட்டேன், உள்ள என்ன இருக்குனு தெரியாத எதையும் கரு தங்க வேண்டிய நேரத்துல உடம்புக்குள்ள விடக்கூடாது, ஈயம் கலந்த பொடிகள் பிடிபட்டிருக்கு.

கணவர்

முதல் ரெண்டு விசிட்லயும் வெளிய வராண்டாலயே நின்னுட்டு இருந்தாரு. நல்ல மனுஷன், மனைவி மேல உயிரா இருக்காரு, ஆனா 22 மாசத்துல ஒரு டெஸ்ட் எடுக்கல. எடுக்கணும்னு யாரும் சொல்லல, அவருக்கும் தோணல. குழந்தை தாமதமாகுற ஜோடிகள்ல கிட்டத்தட்ட பாதில ஆண் பக்கமும் ஏதாவது ஒரு காரணம் இருக்கு. அந்தம்மா ஒரு வருஷமா பட்டினி கிடந்தப்போ அவரோட விந்தணு டெஸ்ட் ஒரு காலைல முடிஞ்சிருக்கும், இதை நினைச்சா எனக்கு இப்பவும் ஆத்தாமையா இருக்கு.

டாக்டர் எழுதி குடுத்து எடுத்தாரு. மில்லிக்கு 9 மில்லியன், அசைவு 24 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல குடுத்த கீழ்மட்ட அளவு 16 மில்லியன், அசைவு 42 சதவீதம். மனுஷன் உடைஞ்சு போயிட்டாரு, "என்னால தான் எல்லாமே"னு. இங்கயும் பாதி நேரம் கேள்வியே கேக்க மாட்டாங்க. நான் கேட்டேன், போன ரெண்டு மூணு மாசத்துல காய்ச்சல் ஏதாவது வந்துச்சானு. வந்திருக்கு. டெஸ்டுக்கு அஞ்சு வாரம் முன்னாடி, நாலு நாள், 103 டிகிரி வரைக்கும். விந்தணு ஒண்ணு உருவாக 70 நாளுக்கு மேல ஆகுது, விதைப்பை உடம்பு சூட்டை விட சில டிகிரி குறைவா இருந்தா தான் வேலை ஒழுங்கா நடக்கும், அதனால இந்த மாதிரி காய்ச்சல் அடிச்சா ரெண்டு மூணு மாசத்துக்கு எண்ணிக்கை விழுந்து தான் கிடக்கும். ஒரு ரிசல்ட்டை வெச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாதுனு டாக்டர் மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுக்க சொன்னாங்க. 34 மில்லியன், அசைவு 51.

நடுவுல அவர் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்கி சாப்பிட்டிருக்காரு, ஜிங்க், ஃபோலிக் எல்லாம் கலந்தது. ஏறினது அதனால தான்னு இன்னிக்கும் நம்புறாரு. நான் நம்பல, காய்ச்சல் போயி மூணு மாசம் ஆச்சு, தானா ஏற வேண்டியது ஏறிச்சு. 2020-ல 2,370 ஜோடிகளை வெச்சு ஆண்களுக்கு ஆறு மாசம் ஜிங்க்கும் ஃபோலிக் ஆசிடும் குடுத்து பாத்தாங்க, குழந்தை பிறக்குறதுல எந்த வித்தியாசமும் இல்ல, வயித்து கோளாறு தான் கொஞ்சம் கூடிச்சு. இதை அவர்கிட்டயும் சொல்லிட்டேன். ஜிம்ல ஒருத்தர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா "எல்லாம் சரியாயிடும்"னு சொன்னதா கேட்டாரு, அப்போ மட்டும் நான் குரலை ஒசத்தினேன். வெளிய இருந்து அந்த ஹார்மோனை ஏத்தினா உள்ள விந்தணு உற்பத்தியே நின்னு போற அளவுக்கு போகலாம். குழந்தை வேணும்னு இருக்குற ஆம்பளை தொடவே கூடாத ஊசி அது.

என்ன பண்ணினோம்

பெருசா ஒண்ணும் இல்ல, சாப்பிட சொன்னேன். ஒரே நாள்ல சொல்லல, பத்து நாளைக்கு ஒரு தடவை 200 கலோரி மாதிரி ஏத்தி 1,900 பக்கம் கொண்டு வந்தோம். தானியம் முதல்ல திரும்ப வந்துச்சு, அப்புறம் பருப்பு, முட்டை, கொட்டைகள், பழம். ஓட்டத்தை நிறுத்தி நடையா மாத்தினோம். சிவப்பு கோடு போட்ட ஒவ்வொரு பொருளையும் திரும்ப சாப்பிடுறப்போ அவங்களுக்கு பயம், முதல் தடவை பழம் சாப்பிட்டுட்டு ராத்திரி மெசேஜ் போட்டாங்க, "தப்பு பண்ணிட்டனோ"னு. பயம் போக ரெண்டு மாசம் ஆச்சு, எடை ஏறுறத விட அது தான் கஷ்டமா இருந்துச்சு.

கருத்தரிப்பு டயட்னு எல்லாரும் பேசுறதுக்கு பின்னாடி இருக்குற ஆய்வு 2007-ல வந்தது, 17,544 நர்ஸ்களோட தகவல். டிரான்ஸ் கொழுப்பு கம்மியா, செடில இருந்து வர்ற புரதம், முழு தானியம் அதிகமா சாப்பிட்டவங்களுக்கு முட்டை வராததால வர்ற குழந்தையின்மை குறைவா இருந்துச்சு. நல்ல ஆய்வு, நானும் அதை மதிக்கிறேன், ஆனா அது கூட இருந்து கவனிச்ச ஆய்வு, சாப்பாட்டை மாத்தி நிரூபிச்சது இல்ல, அதுவும் முட்டை சம்பந்தப்பட்டதுக்கு மட்டும். அடைச்ச டியூபை, அதாவது கருக்குழாயை, எந்த சாப்பாடும் திறக்காது. அதனால சாப்பாடு சரியாகுற வரைக்கும் காத்திருக்காம டாக்டர் அதே நேரத்துல ஏஎம்எச் (முட்டை கையிருப்பை காமிக்கிற ஹார்மோன்), தைராய்டு, புரோலாக்டின்ங்கற இன்னொரு ஹார்மோன், டியூப் டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க. இவங்களுக்கு எல்லாமே சரியா இருந்துச்சு.

நாளை கண்டுபிடிக்க ஆப்பை மூடி வெச்சுட்டு உடம்பை பாக்க சொல்லி குடுத்தோம். முட்டை வர்றதுக்கு முந்தின சில நாள் வெள்ளைப்படுறது மாறும், தெளிவா, வழுவழுனு, ரெண்டு விரலுக்கு நடுவுல இழுத்தா பச்சை முட்டை வெள்ளைக்கரு மாதிரி நீளும். அவங்க அதை இத்தனை வருஷமா ஏதோ இன்ஃபெக்ஷன்னு நினைச்சிருந்தாங்களாம். அது தெரிய ஆரம்பிச்சதும் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தா போதும், தினமும்னாலும் தப்பில்ல. கூடவே எல்எச் ஸ்ட்ரிப், முட்டை வர்றதுக்கு முன்னாடி ஏறுற எல்எச் ஹார்மோனை சிறுநீர்ல பாக்குறது, அது பாசிட்டிவ் ஆனா ஒரு நாள், ஒன்றரை நாள்ல முட்டை வரும். காலைல டெம்பரேச்சர் எடுக்குறதும் சொன்னேன், ஆனா அது முட்டை வந்த பிறகு தான் ஏறும், முன்கூட்டி சொல்லாது, அவங்களுக்கு இன்னொரு நம்பரை தினமும் எழுதுறது நோட்டு மாதிரியே ஆயிடும்னு தோணிச்சு, ஒரு மாசத்துல விட்டுட்டோம்.

அஞ்சு மாசத்துல எடை 50.5. வட்டங்கள் 43, 38, 35, 34. எல்எச் பாசிட்டிவ் ஆகி ஏழு நாள் கழிச்சு அதே புரோஜெஸ்டிரோன் டெஸ்டை திரும்ப எடுத்தோம், 14.1. மூணுக்கு மேல இருந்தாலே முட்டை வந்துருச்சுனு அர்த்தம். ரிப்போர்ட்டை அவங்க போட்டோ எடுத்து பழைய 0.8 ரிப்போர்ட் பக்கத்துல வெச்சு எனக்கு அனுப்பினாங்க, கூட ஒரு வார்த்தையும் எழுதல.

சைக்கிள் சரியானதுக்கு அப்புறம் நாலாவது மாசம் கரு தங்கிச்சு, இப்போ 22 வாரம். சாப்பாடு தான் காரணம்னு என்னால சொல்ல முடியாது, நாள் சரியா அமைஞ்சது மட்டுமே போதுமா இருந்திருக்கலாம், எந்த பிரச்சனையும் இல்லாத இளம் ஜோடிக்கே ஒரு சைக்கிளுக்கு 20, 25 சதவீதம் தான் வாய்ப்பு. ஒரே ஒரு கேஸ் இது. ஆனா ஆறாவது மாசம் "உங்க சைக்கிள் எத்தனை நாள்?"னு ஒரு கேள்விய யாராவது கேட்டிருந்தா அந்த சிவப்பு பேனா திறந்திருக்காதுங்கறத மட்டும் உறுதியா சொல்லுவேன்.

இப்போ நாங்க முதல் விசிட்டுக்கு வர்றவங்ககிட்ட குடுக்குற ஃபார்ம்ல மூணு கேள்வி சேர்த்திருக்கோம். கடைசி நாலு பீரியட்ஸ் வந்த தேதி. ரெண்டு பேர்ல யாருக்காவது போன மூணு மாசத்துல காய்ச்சல் வந்துச்சா. குழந்தைக்காக என்னென்ன சாப்பாட்டை நிறுத்தியிருக்கீங்க. போன வாரம் வந்த ஒருத்தங்க மூணாவது கேள்விக்கு குடுத்த இடம் பத்தாம பேப்பரை பின்பக்கம் திருப்பி எழுதிட்டு இருந்தாங்க.